முதலில் வந்த கால்கள்

மயில் ஒன்று டிரான்ஸ்ஃபார்மரில் போய் உட்கார்ந்து மந்தாரக்குப்பத்தில் பாதி ஊருக்குக் கரண்ட் போனதே, அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்த ஓட்டப் போட்டி. தேதி கேட்டால் எனக்குச் சொல்ல வராது. மயிலை வைத்துத்தான் சொல்ல முடியும். ஊர் உலகத்துக்கெல்லாம் பக்கத்து நெய்வேலியிலிருந்து கரண்ட் போகிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். போவது உண்மைதான். எங்கள் தெருவின் தலைக்கு மேலே கம்பியில் போகிறது. அன்றைக்குப் பகல் முழுக்க அதன் கீழே உட்கார்ந்து பனைவிசிறியால் விசிறிக்கொண்டிருந்தோம். லைன்மேன் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "தேசியப் பறவைங்க, நான் தொட்டா கேஸாயிடும்" என்று ஏணியை மடக்கிவிட்டார். வனத்துறை ஆள் வந்து பார்த்துவிட்டு, "கரண்டுங்க, நான் தொட்டா போயிடுவேன்" என்றார். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். சாயங்காலம்தான் மயிலை இறக்கி, துணி போர்த்தி, மாலை போட்டு எடுத்துப்போனார்கள். என் தெருவில் மனிதர்கள் சிலருக்குக்கூட அவ்வளவு பெரிய மாலை விழுந்ததில்லை.

அந்த மாலை போட்ட மயிலை நான் போட்டோ எடுத்தேன். கேமரா எப்படி என் கைக்கு வந்தது என்று சொல்லிவிட்டு ஓட்டத்துக்கு வருகிறேன்.

சர்க்கரை இருக்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னார். நான் டீக்கடை வரை நடந்து, அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். என் மகள் சென்னையில் இருக்கிறாள். "அப்பாவ நடன்னு சொன்னா நடக்கமாட்டாரு. கையில எதையாவது குடுத்தாத்தான் அதத் தூக்கிக்கினு சுத்துவாரு" என்று புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். மருமகன் புதுக் கேமரா வாங்கிய நேரம், பழையதை என் தலையில் கட்டினார். அதில் இருக்கிற எழுத்தெல்லாம் இங்கிலீஷ். நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவன். தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். மருமகன் ஒரு பட்டன்மேல் சிவப்பு நெயில் பாலிஷால் பொட்டு வைத்து, "மாமா, இதத் தவிர வேற எதையும் தொடாதீங்க" என்றார். இந்த நாள்வரை தொட்டதில்லை. மற்ற பட்டன்கள் எல்லாம் எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று கேமரா செய்தவனைத்தான் கேட்க வேண்டும்.

அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு டவுன்ஷிப் முழுக்கச் சுற்றினேன். சுரங்கத்திலிருந்து இறைக்கிற தண்ணீர் ஓடும் வாய்க்காலில் கொக்கு, நாரை, மீன்கொத்தி எல்லாம் நிற்கும். மனிதர்களைப்போல் இல்லை, எடுத்து முடிக்கும்வரை அப்படியே நிற்கும். குவார்ட்டர்ஸ் மதில்மேல் குரங்குகள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கும். ரிட்டயர் ஆனால் நாம் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அவற்றுக்கு அந்தத் தொல்லை இல்லை. பஸ் ஸ்டாண்டில் முந்திரிக்கொட்டை மூட்டையோடு பண்ருட்டி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள், ஷிஃப்ட் முடிந்து முகத்தில் கண் மட்டும் தெரிய வருகிற ஆட்கள், ஸ்டேடியத்தில் காலையில் கையை வீசி வீசி நடந்துவிட்டு நேராக பூரி சாப்பிடப் போகிற ஆபீசர்கள், எல்லாரையும் எடுத்தேன். யாரும் பாராட்டவில்லை. டீக்கடைக்காரர்தான் கொக்குப் படத்தை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பெரியவரே, கொக்கையே எடுத்துக்கினு இருந்தா எப்பிடி? என்னயும் ஒண்ணு நல்லா எடுத்து வெய்யுங்க. நாளைக்கு எனக்கு எதுனா ஒண்ணு ஆச்சின்னா ஃப்ளெக்ஸ்ல போடணும்ல?"

"அப்ப கொஞ்சம் சிரி."

"அஞ்சலி போட்டோவுல சிரிச்சாக்கா, மால போட வர்றவன் இன்னா நெனைப்பான்? கடன்காரன் தப்பிச்சிட்டான்னு நெனைப்பான்."

இதுதான் இங்கே போட்டோக் கலைக்கு இருக்கிற மரியாதை. வாய்க்கால் ஓரத்துக் குழாய்மேல் உட்கார்ந்த மீன்கொத்தியை எடுத்தபோது காவலுக்கு நின்ற வாலிபர் ஓடி வந்து, குழாயைப் போட்டோ எடுக்கக் கூடாது என்றார். நான் பறவையைத்தான் எடுக்கிறேன் என்றேன். "பறவ எடுங்க, கொழாய் வராம எடுங்க" என்றார். அந்தக் குழாய்க்கு அடியில் படுத்து கிரீஸ் தடவித்தான் எனக்கு முடி நரைத்தது. கான்ட்ராக்டில் உள்ளே போய், பிறகு பெர்மனென்ட் ஆகி, ரிட்டயர் ஆகி வந்தவன் நான். அந்தக் காலத்தில் அப்படி ஆக முடிந்தது. இப்போது அந்தக் குழாய் எனக்கே ரகசியம் ஆகிவிட்டது. மீன்கொத்தி பறந்துவிட்டது. அதற்கு எதற்குக் கேட் பாஸ்!

இனி ஓட்டக்காரனுக்கு வருகிறேன்.

காலை ஷிஃப்டுக்குச் சங்கு ஊதுவதற்கு முன்னால் மண்மேட்டை ஒட்டிய ரோட்டில் அவன் ஓடி வருவான். சுரங்கம் தோண்டும்போது மேலே எடுத்த மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாக்கி வைத்திருக்கிறார்களே, அதுதான் மண்மேடு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல மலையெல்லாம் இருக்குதா!" என்று சந்தோஷப்படுவார்கள். அவனுக்கு முப்பது வயது இருக்கும். கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே சிந்துகிற கரியை வழித்து அள்ளி மறுபடி பெல்ட்டிலேயே போடுகிற கான்ட்ராக்ட் வேலை. எந்த ஊர் என்று கேட்டால், தூரத்துப் பள்ளத்தைக் காட்டி, "தோ, அந்த மெஷின் நிக்கிதே, அதுக்குக் கீழ தாத்தா" என்பான். அவர்களுக்கு நிலம் இருந்ததில்லை. அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போன குடும்பம். அதனால் சுரங்கத்துக்காக ஊர் போனபோது வேலையும் வீடும்தான் போயின, நிலம் போகவில்லை. அந்த மட்டில் நஷ்டம் இல்லை.

அவனை எடுக்கலாம் என்று தினமும் முயற்சி செய்வேன். கேமராவில் வெறும் ரோடு விழும், இல்லாவிட்டால் புகை மாதிரி ஒன்று விழும்.

"தாத்தா, நில்லுன்னா நிக்கிறேன், எடுத்துக்கங்க" என்றான் ஒரு நாள்.

"நின்னா அது ஆதார் போட்டோடா. நீ ஓடு."

"ஓடுனா வுழ மாட்டேங்குதுன்றீங்க."

"அது கேமரா தப்பு. உன் தப்பு இல்ல. ஆமா, எதுக்குடா இப்பிடி ஓடுற? யாரு தொரத்துறாங்க?"

"ஷிஃப்டு முழுக்கக் குனிஞ்சிக்கினே கெடக்குறோம் தாத்தா. ஓடுனாத்தான் முதுகு நிமுருது."

ஓடும்போதும் கழுத்தில் பிளாஸ்டிக் உறையில் கேட் பாஸ் தொங்கும். அது இருந்தால்தான் கேட்டுக்குள் விடுவார்கள், உள்ளே போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அதைக் கொடுப்பதும் பிடுங்குவதும் கான்ட்ராக்டர் மனசு. அவன் தூங்கும்போதுகூட அதைக் கழற்ற மாட்டானாம். "நான் தாலியக் கழட்டி அடகு வெச்சாலும் வெப்பேன், அவுரு அதக் கழட்ட மாட்டாரு" என்று அவன் பெண்டாட்டி தண்ணீர்க் குழாயடியில் என் வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்த நேரத்தில்தான் டவுன்ஷிப்பில் ஒரு மன்றத்தார், உடல்நலத்துக்காக ஓடுவோம் என்று கிளம்பினார்கள். பெர்மனென்ட் ஆட்களும் அவர்கள் குடும்பத்தாரும் மட்டும் ஓடலாம். மற்றவர்களுக்கு உடல்நலம் தேவையில்லை, அவர்கள்தான் வேலை செய்கிறார்களே. மன்றத்தில் பெரிய ஆபீசர் ஒருவர் இருந்ததால், ஒவ்வொரு செக்ஷனிலிருந்தும் ஆள் வரவேண்டும் என்று வாய்மொழியாகச் சொல்லியாகிவிட்டது. ஒரு செக்ஷனுக்கு என் பழைய கூட்டாளியின் மகன் பேர் விழுந்தது. என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுகிறவன். நல்ல மனிதன்தான். செருப்பு மாட்டக் குனியும்போதே மூச்சு வாங்கும். வயிறு அவனுக்கு ஒரு அடி முன்னால் போய் நின்று அவனுக்காகக் காத்திருக்கும்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. இங்கே மட்டும் என்று சொல்லவில்லை. கான்ட்ராக்ட் என்ற சொல் இருக்கிற எந்த ஊரிலும் உண்டு. பேர் ஒருவருடையது, வேலை இன்னொருவருடையது. இதில் யாருக்கும் கோபம் கிடையாது. காலையில் பல் துலக்குகிற மாதிரி அது பாட்டுக்கு நடக்கும். ஆகவே ஓடச் சொன்னதும் அவனுக்கு யோசனை வேறு எங்கே போகும்? டீக்கடையில் என் முன்னாலேயே ஓட்டக்காரனைக் கூப்பிட்டான்.

"டேய், ஞாயித்துக்கெழம என் டீ-சர்ட்டப் போட்டுக்கினு நீ ஓடிடு."

"நானாண்ணே? அது பெர்மனென்ட்டுக்குத்தானே?"

"நம்பரு பெர்மனென்ட்டுதுடா. காலு யாருதா இருந்தா இன்னா?"

"யாருனா பாத்துட்டா பாஸ் போயிடும்ண்ணே."

"உன்ன எவன்டா பாக்கப் போறான்? தொப்பியக் கீழ எறக்கிக்க. எவங்கிட்டயும் பேசாத. எங்கயும் நிக்காத. முன்னாடியும் வராத, பின்னாடியும் வராத. நடுவுல வந்து கூட்டத்தோட கூட்டமா வெளிய போயிக்கினே இரு."

நான் பொறுக்காமல் கேட்டேன்: "ஏம்பா, நீயே மெதுவா நடந்து போய்ச் சேரலாமில்ல?"

"எனக்கு முட்டி சித்தப்பா."

"எல்லாருக்கும்தானே முட்டி இருக்குது?"

"என்து வலிக்குது சித்தப்பா."

ஓட்டக்காரன் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். பாஸைப் புதுப்பிக்கிற சமயத்தில் இன்னார் ஒழுங்கான ஆள் என்று கான்ட்ராக்டரிடம் ஒரு வார்த்தை சொல்வது இந்தப் பெர்மனென்ட்காரன்தான். அந்த ஒரு வார்த்தைக்காக இவன் டீ வாங்கி வருவான், அவன் வண்டியைத் துடைப்பான், ஓடச் சொன்னால் ஓடவும் செய்வான்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டேடியத்தில் திருவிழாக் கூட்டம். எல்லார் நெஞ்சிலும் நம்பர். சிறப்பு விருந்தினர் ஏசி காரில் வந்து இறங்கி, நடப்பதன் நன்மையைப் பற்றி வெகுநேரம் பேசினார். பேசி முடிக்கும்போது பாதிப் பேர் நின்றே களைத்துவிட்டார்கள். ஓட்டக்காரன் பாஸை உள்ளே தள்ளிவிட்டு, கடைசி வரிசையில் தொப்பியோடு நின்றான். பெர்மனென்ட்காரனுக்குத் தைத்த டீ-சர்ட் அவன்மேல் கொடிக்கம்பத்தில் துணி சுற்றிய மாதிரி கிடந்தது. பெர்மனென்ட்காரன் வேறு சட்டை போட்டுக்கொண்டு, வெளிக்கேட்டுக்கு எதிர்க்கடையில் போண்டா தின்றுகொண்டிருந்தான்.

ஸ்டேடியத்திலிருந்து கிளம்பி, சில பிளாக்குகளைச் சுற்றி, மறுபடி ஸ்டேடியத்துக்கே வர வேண்டும். நான் முடிகிற இடத்தில் கேமராவோடு நின்றுவிட்டேன். மன்றத்தார் கூலிக்கு அமர்த்திய போட்டோக்காரரும் இருந்தார். அவர் மேடையில் சால்வை போடுவதை எடுத்துக்கொண்டிருந்தார். சால்வைகள் நிறைய.

நடுவழியில் நடந்ததை அவனே பிறகு சொன்னான். பாதி தூரத்தில் ஒரு பந்தல் போட்டு நீர்மோர், பாதாம் பால், சுண்டல் என்று வைத்திருக்கிறார்கள். முன்னால் ஓடிய அத்தனை பேரும் அங்கே நின்றுவிட்டார்கள். சுண்டலை வாங்கி, செல்ஃபி எடுத்து, யார் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பது வரை பேசியிருக்கிறார்கள். ஓடுகிற இடத்தில் சோறு போட்டால் நிற்காமல் போவது அவமரியாதை இல்லையா? இவன் எங்கும் நிற்காதே, யாரிடமும் பேசாதே என்ற உத்தரவில் ஓடுகிறவன். பந்தலைக் கண்டதும் பயந்து, தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டு வேகமாகக் கடந்திருக்கிறான். கொஞ்ச தூரம் போய்த் தலை நிமிர்ந்தால் முன்னால் ஒருத்தரும் இல்லை.

"நடுவுல வரணும்னா எங்க தாத்தா நடு? யாருனா முன்னாடி இருந்தாத்தானே நடு?" என்றான். நின்று காத்திருக்கலாமா என்று பார்த்தானாம். ரோட்டின் இரண்டு பக்கமும் குவார்ட்டர்ஸ் ஜனங்கள் நின்று கை தட்டுகிறார்கள். நின்றால் பக்கத்தில் வந்து முகத்தைப் பார்ப்பார்கள். ஓடினால்தான் தப்பிக்கலாம்.

வாசலில் அவன் நுழைந்ததை நான் பார்த்தேன். தொப்பி எங்கேயோ பறந்திருந்தது. ரிப்பன் பிடித்திருந்த இரண்டு பேர் அவசரமாக அதைக் குறுக்கே இழுத்து நீட்டினார்கள். நான் சிவப்புப் பொட்டை அழுத்தினேன். அழுத்தும்போதே தெரிந்தது. இத்தனை மாதமாக வெறும் ரோடும் புகையும் விழுந்த பெட்டியில் அன்றைக்கு ஆள் விழுந்துவிட்டான். இரண்டு காலும் தரையில் இல்லை. நெஞ்சில் ரிப்பன், அதற்குக் கீழே நம்பர், மேலே முகம்.

அவன் நிற்கவில்லை. ரிப்பனை நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு மறுவாசல் வழியாக அப்படியே ரோட்டுக்கு ஓடிப் போய்விட்டான். மைக்காரர் நம்பரைப் பார்த்துப் பேரைக் கூவி, "பாருங்கள், பரிசுக்குக்கூட நிற்காத அடக்கம்!" என்று உருகினார். பேர் ஒலிபெருக்கியில் கேட்டதும் எதிர்க்கடையில் போண்டா தொண்டையில் அடைத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் பெர்மனென்ட்காரன் வந்தான். கடைக் குடத்துத் தண்ணீரை முகத்திலும் சட்டையிலும் தெளித்துக்கொண்டு வந்தான். அவ்வளவு செய்திருக்க வேண்டாம். ரோட்டைக் கடந்து மேடை ஏறியதிலேயே அவனுக்கு மூச்சு அப்படி வாங்கியது. அன்றைக்கு மேடையில் உண்மையாக மூச்சு இரைத்தது அவன் ஒருவனுக்குத்தான். கப் கொடுத்தார்கள், சால்வை போட்டார்கள். டீ-சர்ட் எங்கே என்று கேட்டவருக்கு, "நனைஞ்சிப் போச்சு சார்" என்றான்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லவே மாட்டேன். அவன் செக்ஷன் ஆபீசருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மெயின் ரோட்டில் பெரிய ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டும், ரிப்பனை அறுக்கிற படம் வேண்டும் என்றார். மன்றத்துப் போட்டோக்காரரிடம் சால்வைகள்தான் இருந்தன. ஒரு கிழவர் வாசலில் நின்று எடுத்தார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலமே பெர்மனென்ட்காரன் பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். முட்டி வலி அன்றைக்கு இல்லை போலிருக்கிறது.

"சித்தப்பா, அந்த போட்டோவ அழிச்சிடுங்க."

"அழிக்கிற பட்டன் எதுன்னு எனக்குத் தெரியாதேப்பா. மருமவன் ஒரு பட்டன்தான் காட்டிக் குடுத்தாரு."

"வெளாடாதீங்க சித்தப்பா. ஆபீசரு கேக்குறாரு. போட்டோ வுழலன்னு சொல்லிடுங்க."

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி சொன்னாள்: "மாசக் கணக்குல அவன் பின்னாடியே கெடந்து இன்னிக்குத்தான் ஒண்ணு வுழுந்துருக்குது. அதப் போயி வுழலன்னு சொல்லச் சொல்றியே, நல்லா இருக்கா? பழத்த அங்க வெய்யி, தரையில பிசினு ஒட்டும்."

அவனை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஓட்டக்காரன் வந்தான். வாசலிலேயே நின்றான். கை சட்டைக்குள் பாஸைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"தாத்தா, அது வெளிய வந்தா என் பாஸ் போயிடும். கான்ட்ராக்டரு ஏமாத்துக்காரன்னு சொல்லி வெளிய அனுப்பிடுவாரு. அண்ணனுக்கு ஒண்ணும் ஆவாது, அவுரு பெர்மனென்ட்டு."

"அழிச்சிடச் சொல்றியா?"

அவன் கேமராவையே பார்த்தான். பிறகு, "ஒரு வாட்டி காட்டுங்க" என்றான்.

கேமராவின் பின்புறத்தைத் திருப்பிக் காட்டினேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"ரெண்டு காலும் தரையில இல்ல தாத்தா."

"இல்லதான்."

"பல்லு தெரியுது. நான் சிரிக்கிறனா?"

"சிரிக்கிறடா. நல்லாத்தான் சிரிக்கிற."

"நான் பயந்துக்கினுதான் தாத்தா ஓடுனேன். உசுரக் கையில புடிச்சிக்கினு ஓடுனேன். இதுல இன்னா இப்பிடி சிரிக்கிறேன்!"

திரும்பத் திரும்பப் பார்த்தான். கடைசியில் கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு, "அழிக்க வாணாம் தாத்தா. யாருக்கும் காட்டவும் வாணாம்" என்றான்.

ஆபீசர் கேட்கிறார், கொடுக்காவிட்டால் எங்கே, ஏன் என்று தோண்டுவார்கள். தோண்டுவதற்கு இந்த ஊருக்குச் சொல்லித்தரவா வேண்டும்? கொடுத்தால் முகம் தெரியும். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் எனக்கு வேண்டியவர். மறுநாள் அவரிடம் போய், இந்தப் படத்தில் கழுத்துக்குக் கீழே மட்டும் எடுத்து ஆபீசருக்குக் கொடு, மேல்பாதி வெளிச்சத்தில் கெட்டுவிட்டது என்று சொல்லிவிடு என்றேன்.

"தல இல்லாம ஃப்ளெக்ஸா? பாக்குறவன் பயந்துக்குவான் பெரியவரே. தலக்கி நான் பொறுப்பு, வுடுங்க."

பொறுப்பாகத்தான் செய்தார். பெர்மனென்ட்காரனின் புதுமனைப் புகுவிழாப் படத்திலிருந்து தலையை எடுத்து, ஓடுகிற உடம்பில் ஒட்டிவிட்டார். நெற்றியில் சந்தனம், குங்குமம். முகத்தில் பவுடர். கழுத்தோரத்தில் அன்றைய ரோஜா மாலையின் பிசிறு இரண்டு இதழ். அதற்குக் கீழே எலும்பும் நரம்புமாக ஒரு கறுத்த உடம்பு, தரையில் படாத இரண்டு கால்கள். ஆள் உயரத்துக்கு மேல், மெயின் ரோட்டில், "எங்கள் செக்ஷனின் சிறுத்தை" என்று எழுதி நிறுத்திவிட்டார்கள்.

சங்கு ஊதிய பிறகு ஷிஃப்ட் ஜனம் அதன் கீழே நின்று பார்த்தது. நானும் நின்றேன்.

"இன்னாய்யா இது, ஓடும்போதுகூடப் பவுடரு கலையல?"

"பெர்மனென்ட்டு பவுடரு."

"மூஞ்சி செவப்பா இருக்குது, காலு இப்பிடிக் கறுத்துக் கெடக்குதே?"

"அவுரு காலு மட்டும்தான் மைன்ஸுக்குள்ள போவும். தல ஆபீஸ்லயே இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். யாருக்கும் தெரியாதது ஒன்றும் இல்லை. ஆனால் அது யார் கால் என்று ஒருத்தர்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லார் கழுத்திலும் பிளாஸ்டிக் உறை தொங்கியது. ஆபீசர் காரை நிறுத்தி இறங்கிப் பார்த்து, "கட்டுப்பாடான உடம்பு" என்றாராம். அவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.

பாஸ் பிழைத்தது. ஓட்டக்காரன் வேலைக்குப் போகும்போது அந்த இடத்தில் சைக்கிளை மெதுவாக விடுவான். "தாத்தா, காலு நல்லா வந்துருக்குது" என்றான் ஒரு நாள். அவன் பெண்டாட்டி என் வீட்டுக்காரியை அங்கே கூட்டிக்கொண்டு போய், ஷூவைக் காட்டியிருக்கிறாள். பக்கத்தில் பிய்ந்து போனதைச் சிவப்பு நூலால் அவள்தான் தைத்தாளாம். "தையல மட்டும் எனக்கு வுட்டு வெச்சிருக்காங்க ஆயா" என்றாளாம். பெர்மனென்ட்காரனுக்கோ நாளாக ஆகத் தானே ஓடியதாக ஞாபகம் வந்துவிட்டது. கடைசித் திருப்பத்தில் எப்படி மூச்சைப் பிடித்தான் என்று என்னிடமே விளக்கினான். அடுத்து சென்னையில் ஓட வேண்டும் என்று ஆபீசர் சொன்னதும்தான் முட்டி வலி திரும்பியது. ஒரு நாள் வலது முட்டியில் கட்டு இருக்கும், ஒரு நாள் இடதில் இருக்கும்.

ஃப்ளெக்ஸ் வெயிலில் வெளுத்து, முதலில் பவுடர் முகம் போயிற்று. கால்கள் கொஞ்ச காலம் இருந்தன. பிறகு யாரோ கிழித்துக்கொண்டு போய் ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுவிட்டார்கள். அதற்குள் கான்ட்ராக்ட் முடிந்து புதுக் கான்ட்ராக்டர் வந்தார். வரும்போதே தன் ஆட்களையும் கூட்டி வந்தார். பழைய ஆட்களின் பாஸை எல்லாம் கேட்டிலேயே கழற்றி வாங்கிக்கொண்டார்கள். யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தூங்கும்போதுகூடக் கழற்றாத ஒன்றை அவன் அன்றைக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வெறும் கழுத்தோடு நடந்து வந்தான். ஓடவில்லை. நான் பார்த்தேன்.

"நான் ஒரு வார்த்த சொல்லிப் பாத்தேன் சித்தப்பா" என்றான் பெர்மனென்ட்காரன். அந்த ஒரு வார்த்தை என்ன என்று நான் கேட்கவில்லை.

வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு ஓட்டக்காரன் குடும்பத்தோடு சென்னைக்குப் போய்விட்டான். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை என்று சிலர் சொல்கிறார்கள், அடுக்குமாடியில் காவல் என்று சிலர். அவன் நம்பருக்குப் போன் போட்டால் ஒரு பெண் வந்து, அப்படி ஒரு நம்பரே இல்லை என்று மூன்று பாஷையில் சொல்கிறாள். அவன் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தப் படத்தை எதற்காக மறைத்து வைத்திருந்தேனோ அந்தப் பாஸே இப்போது இல்லையே. ஃப்ளெக்ஸ் கடையில் கொடுத்து, முகத்தோடு பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். என் வீட்டுக்காரி அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நம்ம வூட்ல மாட்டக் கூடாது. இது அந்தப் பொண்ணு வூட்ல மாட்ட வேண்டியது" என்று பழைய புடவையில் சுற்றிப் பீரோமேல் வைத்துவிட்டாள்.

மகள் வீட்டுக்குச் சென்னை போகும்போதெல்லாம் கேமராவோடு சுற்றுகிறேன். அந்த ஊரில் எல்லாரும் ஓடுகிறார்கள். பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள், ரயிலுக்கு ஓடுகிறார்கள். கடற்கரை ரோட்டில் எதற்கும் இல்லாமல் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். முதுகில் சோற்றுப் பெட்டியோடு ஓடுகிறவர்களையும் எடுக்கிறேன். நான் காலைத்தான் பார்ப்பேன். பார்த்தால் முறைக்கிறார்கள். ஒரு அம்மாள் போலீஸைக் கூப்பிடுவேன் என்றாள். அந்தக் கால்கள் இதுவரை கிடைக்கவில்லை.

நீங்கள் சென்னையில் இருந்தால், உங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவருகிறவன் லிஃப்டுக்கு நிற்காமல் படியில் ஏறி ஓடி வந்தால், எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பள்ளத்துக்கு அடியில் போன ஊர் என்று சொன்னால் அவன்தான். படம் மந்தாரக்குப்பத்துக் கேமராக் கிழவனிடம் பத்திரமாக இருக்கிறது, தலையோடு இருக்கிறது, சிரித்துக்கொண்டு இருக்கிறது, வந்து வாங்கிக்கொள் என்று அவனிடம் சொல்லுங்கள். இனிமேல் அதைப் பார்த்து யாரும் அவனிடமிருந்து எதையும் பிடுங்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.